நிலைத்த முதல்

நுழையும்முன்

பொருளீட்டுதல் ஒரு திறம். ஈட்டிய பொருள் தமக்குப் பின்னும் பயன்படுமாறு அதனை நிறுவனமாக்குதல் வேறொரு திறம். இவ்விரண்டும் ஒருங்கே வாய்க்கப்பெற்றவர் செட்டிநாட்டரசர் அண்ணாமலையார்.

வணிக மரபு

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் 1881ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் முத்தையா செட்டியாரின் மகனாக அண்ணாமலையார் பிறந்தார். நகரத்தார் அந்நாளில் இலங்கை, பர்மா, மலேயா முதலிய நாடுகளில் வட்டித்தொழில் நடத்தி வந்தனர். முதலாளி ஊரில் இருக்க, முகவரும் அடுத்தாளும் கடல்கடந்து சென்று கடையைக் கவனிப்பர். பிழையற்ற கணக்கும் நாணயமுமே அத்தொழிலின் அடித்தளம். வருவாயில் ஒரு பகுதியை மகமையாக ஒதுக்கி, கோயிலுக்கும் அறச்செயலுக்கும் வழங்குவதும் அவர்தம் மரபு. இம்மரபே அண்ணாமலையாரை உருவாக்கியது.

கடையிலிருந்து வங்கிக்கு

சென்னையில் பெரும்புகழ் பெற்றிருந்த ஆர்பத்நாட் என்னும் ஆங்கிலேய நிதிநிறுவனம் 1906இல் முறிந்தது. நம்பிப் பணம் செலுத்தியிருந்த எண்ணற்றோர் தம் வாழ்நாள் சேமிப்பை இழந்தனர். இந்தியரின் பணத்தை இந்தியரே காக்கும் வங்கி வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. வழக்கறிஞர் வி.கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று உழைத்தார். நகரத்தார் முதலும் பட்டறிவும் தந்தனர். 1907இல் இந்தியன் வங்கி உருவாயிற்று. இம்முயற்சியில் அண்ணாமலையாரின் தமையனார் இராமசாமியார் முன்னணியில் நின்றார்; அண்ணாமலையாரும் துணைநின்றார். பின்னாளில் அண்ணாமலையார் இரங்கூனில் செட்டிநாடு வங்கியை நிறுவி, மரபுவழித் தொழிலைப் புதிய வங்கிமுறையோடு இணைத்தார்.

கல்விக்கொடை

உயர்கல்வி பெரும்பாலும் பெருநகரங்களிலேயே கிடைத்த காலம் அது. அண்ணாமலையார் 1920இல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். தொடர்ந்து தமிழ்க் கல்லூரியும் வடமொழிக் கல்லூரியும் தோன்றின. தமிழ்க் கல்லூரியின் முதல்வராக உ.வே.சாமிநாத ஐயர் 1924 முதல் 1927 வரை பணியாற்றினார். பின்னர் அக்கல்லூரிகளோடு 20 இலட்சம் ரூபாயையும் அண்ணாமலையார் அளித்தார். அரசும் நிதி வழங்க, 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் மலர்ந்தது. அங்கே முதல் தமிழ்ப் பேராசிரியராக விளங்கியவர் ஈழநாட்டைச் சேர்ந்த விபுலானந்த அடிகள். அண்ணாமலையார் 'ராஜா' பட்டம் பெற்றதும் அதே ஆண்டில்தான்.

தமிழிசைப் பணி

தமிழ்நாட்டு இசையரங்குகளில் தமிழ்ப் பாடல்கள் அருகியே ஒலித்தமை அவரை வருத்தியது. தமிழ்ப் பாடல்களைப் பரப்புவதற்கென 1940இல் 10,000 ரூபாய் வழங்கினார். எதிர்ப்புகள் எழுந்தபோதும் தளரவில்லை. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது.

அவரது தமிழ்ப்பற்று ஆட்சி எல்லைகளையும் கடந்தது. பூதப்பாண்டி, தேரூர் முதலிய ஊர்களைக் கொண்ட நாஞ்சில் நாடு அந்நாளில் திருவிதாங்கூர் அரசின்கீழ் இருந்தது. தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளைக்கு 1943இல் பொன்னாடை அணிவித்துச் சிறப்பித்தார் அண்ணாமலையார்.

அழிந்ததும் நிலைத்ததும்

1930ஆம் ஆண்டையொட்டி உலகப் பொருளாதாரம் வீழ்ந்தபோது பர்மாவில் நெல்விலை சரிந்தது. கடனைத் திருப்பித் தர இயலாத உழவர்களின் வயல்கள் நகரத்தார் கைக்கு வந்தன. நிலமிழந்தோரின் மனக்கசப்பும் உடன் வந்தது. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியது. இந்தியர் பலர் உடைமைகளை விட்டுவிட்டு நாடு திரும்பினர். தலைமுறைகளாகச் சேர்த்த முதலில் பெரும்பகுதியை நகரத்தாரால் மீண்டும் பெற இயலவில்லை.

கடல்கடந்த வயல்களும் கடைகளும் கைவிட்டுப் போயின. சிதம்பரத்தில் கல்விக்கென இட்ட முதலோ அழியவில்லை. ஆண்டுதோறும் மாணவர்களாய்ப் பெருகியது. கொடுத்ததே எஞ்சியது என்னும் உண்மையை அவர் காலத்து வரலாறே மெய்ப்பித்தது.

அண்ணாமலையார் 1948ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள் மறைந்தார். அவர் நிறுவிய பல்கலைக்கழகத்தின் நிருவாகத்தை 2013இல் தமிழ்நாடு அரசு ஏற்றது. ஒரு குடும்பத்தின் கொடையாகத் தோன்றிய நிறுவனம் இன்று மக்கள் அனைவரின் பொறுப்பாகியுள்ளது. அதனைப் பேணிக் காத்தலே அவருக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன்.