ஆசிரியர் ஓமும் பாடசாலை ஆய்கூடமும்

பௌதிக ஆய்கூடத்துப் பழைய அலுமாரிகளிலே பித்தளைச் செருகிகள் பொருந்திய தடைப்பெட்டியைக் கண்ட மாணவர் பலர். அதன்மேற் பொறித்த எண்கள் ஓம் என்னும் அலகைக் குறிப்பன. அப்பெயருக்குரியார் ஒரு பாடசாலை ஆசிரியர் என்பதும், தம் பெருங் கண்டுபிடிப்புக்குரிய சோதனைகளை அவர் பாடசாலை ஆய்கூடத்திலேயே செய்தார் என்பதும் சிலரே அறிவர்.

ஜோர்ஜ் சைமன் ஓம் 1789ஆம் ஆண்டு மார்ச் 16ஆந் திகதி ஜேர்மனியின் எர்லாங்கன் நகரிற் பிறந்தார். பூட்டுச் செய்யுந் தொழிலாளரான தந்தையார், தாமே முயன்று கற்ற கணிதத்தை மைந்தருக்கும் போதித்தார். பட்டறையிற் பழகிய கைத்திறனும் மகனுக்குப் பின்னாளிற் பெருந்துணையாயிற்று.

1817இல் ஓம் கொலோன் நகரப் பாடசாலையில் ஆசிரியரானார். அங்கே நல்ல கருவிகள் இருந்தன. கற்பித்தல் போக எஞ்சிய வேளையிலெல்லாம் அவர் மின்னை ஆராய்ந்தார். அக்காலத்து மின்கலங்கள் சீரான மின்னோட்டத்தைத் தராமையால் 1825இற் செய்த அளவீடுகள் அவரை ஏமாற்றின. பொக்கென்டோர்வ் என்னும் அறிஞரின் ஆலோசனைப்படி, மின்கலத்தை விடுத்துச் செம்பும் பிசுமதும் இணைந்த வெப்பவிணையைக் கைக்கொண்டார். ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்தார். வெப்பநிலை வேறுபாடு மாறாமையால் மின்னியக்க விசையும் மாறாது நின்றது. வெவ்வேறு நீளமுள்ள எட்டுச் செப்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக இணைத்து, மின்னோட்டம் விலக்கிய காந்த ஊசியை மீட்கவேண்டிய முறுக்கினை அளந்தார். மின்னோட்டம் மின்னியக்க விசைக்கு நேர்விகிதசமன், தடைக்கு நேர்மாறுவிகிதசமன் என்னும் விதி இங்ஙனம் பிறந்தது.

1827இல் வெளியிட்ட நூல் அவருக்குப் புகழைத் தரவில்லை. எதிர்பார்த்த பல்கலைக்கழகப் பதவி கிட்டவில்லை. கொலோன் பதவியையுந் துறந்தார். பேர்லினிற் சிறு ஊதியத்துக்குக் கணிதங் கற்பித்துச் சில ஆண்டுகளைக் கழித்தபின், 1833இல் நூரென்பேர்க் தொழினுட்பக் கல்லூரியில் இடம்பெற்றார். 1841இல் இலண்டன் றோயல் சங்கம் கொப்ளிப் பதக்கம் அளித்தது. நெடுநாள் விரும்பிய பௌதிகப் பேராசிரியர் பதவி மியூனிக் நகரில் 1852இல் வாய்த்தபோது அவருக்கு வயது 63. ஈராண்டில், 1854 ஜூலை 6ஆந் திகதி, உலகு நீத்தார். 1881இற் பரிஸ் மாநாடு மின்றடையின் அலகுக்கு அவர் பெயரைச் சூட்டியது.

மாணவர்காள்! ஓமுக்குக் கிடைத்தவை ஒரு பாடசாலையின் கருவிகளும் ஓய்வு வேளைகளுமே. முதலளவீடு பிழைத்தபோது அவர் கருவியை ஒதுக்கிவிடவில்லை, அதனைத் திருத்தியமைத்தார். நும் ஆய்கூடத்துப் பழங்கருவிகளையும் அம்மனத்தோடு கையாளுவீராக.