சுந்தரிஜலில் எழுதிய பிரதமர்

நேபாளத்தில் ராணா குடும்பத்தின் ஆட்சி ஓங்கியிருந்த காலம். மலைநாட்டு ஏழையின் கந்தலாடையைப் பொட்டலமாகக் கட்டிப் பிரதமர் சந்திர சம்ஷேருக்கே அனுப்பிவைத்தார் கிருஷ்ண பிரசாத் கொய்ராலா. குடிகள் எதை உடுத்துகின்றனர் என்பதை ஆள்வோர் கண்ணால் காணட்டும் என்பது அவர் எண்ணம். அதற்கு அவர் கொடுத்த விலை நாடு கடந்த வாழ்வு. 1914-இல் காசியில் பிறந்த அவருடைய மகன் விசுவேசுவர பிரசாத், அப்பொழுது சிறு குழந்தை. இவரே பி.பி. கொய்ராலா.

காசியில் வளர்ந்த பி.பி. முதலில் இந்தியிலும் பின்னர் நேபாளியிலும் சிறுகதை எழுதினார். இந்திய விடுதலைப் போரில் சிறை சென்றார். 1947-இல் நேபாளி தேசிய காங்கிரஸ் தோன்ற முன்னின்றார். 1951-இல் 104 ஆண்டுக்கால ராணா ஆட்சி வீழ்ந்தது.

ஆயினும், மக்கள் முதன்முதலாக நாடாளுமன்றத்திற்கு வாக்களிக்க மேலும் எட்டு ஆண்டுகள் ஆயின. 1959 பிப்ரவரி 18-இல் தொடங்கிய அத்தேர்தலில், 109 இடங்களுள் 74 காங்கிரசுக்குக் கிடைத்தன. வாக்குகளோ ஏறத்தாழ 37 விழுக்காடுதான். இந்த இடைவெளியை வெற்றிக் களிப்பில் பலர் எண்ணிப் பார்க்கவில்லை போலும். மே மாதம் பிரதமரான பி.பி., பிர்த்தா எனப்பட்ட வரியில்லா நிலவுரிமையை ஒழிக்கத் துணிந்தார். நிலவுடைமையாளர் பகைத்தனர், அரண்மனை காத்திருந்தது. 1960 டிசம்பர் 15-இல், இளைஞர் மாநாட்டு மேடையிலேயே அவரைப் படைவீரர் கைது செய்தனர். மன்னர் மகேந்திரர் நாடாளுமன்றத்தைக் கலைத்தார். பெரும்பான்மை ஒரு நண்பகலில் பொருளற்றுப் போயிற்று.

வழக்குமில்லை, விசாரணையுமில்லை, சுந்தரிஜல் காவலில் எட்டு ஆண்டுகள். அங்கு அவர் நாவல் எழுதினார். சிறையிருந்த அரசியலாளர் எழுதினால் தன் வழக்கைத்தான் எழுதுவார் என்று எதிர்பார்ப்போம். பி.பி. அவ்வாறு செய்யவில்லை. ‘சும்னிமா’வில் உடலை வெறுக்கப் பயின்ற பிராமண இளைஞனும் கிராதப் பெண்ணும் வருகின்றனர். ‘மோதியாயின்’ குருச்சேத்திரப் போரைக் கணவனை இழந்த ஒருத்தியின் பக்கமிருந்து காண்கிறது. மன்னர்மீது வசை இல்லை. தன்னிரக்கமும் இல்லை. அரசியலுக்கும் கலைக்கும் அவர் தனித்தனி வாசல் வைத்திருந்தார்.

1968-இல் விடுதலை; பின்னர் மீண்டும் இந்தியாவில் அஞ்ஞாதவாசம். தூக்குத் தண்டனைக்குரிய வழக்குகள் காத்திருப்பதை அறிந்தும், 1976 டிசம்பர் 30-இல், தேசிய நல்லிணக்கம் என்ற கொள்கையோடு தாயகம் திரும்பினார். விமான நிலையத்திலேயே கைதானார். தொண்டையில் புற்றுநோய் வேறு.

மாணவர் கிளர்ச்சிக்குப் பின், பலகட்சி முறை வேண்டுமா, கட்சியற்ற பஞ்சாயத்து முறையே திருத்தங்களுடன் தொடரலாமா என்று 1980 மே 2-இல் பொதுவாக்கெடுப்பு நடைபெற்றது. பஞ்சாயத்துக்கு 54.8 விழுக்காடு, பலகட்சி முறைக்கு 45.2. முறைகேடு நடந்ததென்று தோழர் பலர் கொதித்தனர். பி.பி.க்கும் முடிவு வியப்பையே தந்தது. எனினும் ஏற்றுக்கொண்டார். துப்பாக்கியால் பறிக்கப்பட்டதை இருபது ஆண்டுகள் ஏற்காதவர், வாக்குப்பெட்டி மறுத்ததை ஏற்றார். சொந்தக் கட்சியினரிடம் இதை விளக்குவதே அவருக்குக் கடினமாயிருந்தது.

1982 ஜூலை 21-இல் அவர் மறைந்தார். கட்சிகள் மீதான தடை 1990-இல்தான் நீங்கியது. 1991 மே மாதம், 32 ஆண்டுகளுக்குப் பின், நேபாள மக்கள் பலகட்சித் தேர்தலில் மீண்டும் வாக்களித்தனர்.