பினாயில் நெடியும் ஒரு சிறுவனின் காலும்

குழந்தைகளே! பெரம்பலூரோ அரியலூரோ, மருத்துவமனைக்குள் நுழைந்ததும் மூக்கைத் துளைக்குமே ஒரு நெடி, அது பினாயில் நெடி. முன்பெல்லாம் பினாயிலை நிலக்கரித் தாரில் கிடைக்கும் பீனால் குடும்பத்துப் பொருட்களைக் கொண்டே தயாரித்தார்கள். பீனாலின் பழைய பெயர் கார்பாலிக் அமிலம். ஜெயங்கொண்டம் பகுதியில் மண்ணுக்கடியில் பழுப்பு நிலக்கரி இருக்கிறது அல்லவா? நெய்வேலியில் அத்தகைய கரியைச் சுட்டு 'லெகோ' எரிபொருள் தயாரித்த காலத்தில், கூடவே கார்பாலிக் அமிலமும் கிடைத்தது.

இந்த அமிலத்தை அறுவைச் சிகிச்சைக்குள் கொண்டுவந்து புகழ்பெற்றவர் ஜோசப் லிஸ்டர். 1827 ஏப்ரல் 5-ஆம் தேதி இங்கிலாந்தில் உள்ள அப்டன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா மது வணிகர். ஆனால் நுண்ணோக்கியைச் செம்மைப்படுத்தியதில் பெயர் பெற்றவர். மகனுக்கும் அந்த ஆர்வம் தொற்றிக்கொண்டது.

படித்து முடித்து, கிளாஸ்கோ நகர மருத்துவமனையில் அறுவை மருத்துவரானார் லிஸ்டர். அந்தக் காலத்தில் அறுவைச் சிகிச்சை நன்றாக முடிந்தாலும் புண்ணில் சீழ் பிடித்துப் பலர் இறந்துபோவார்கள். கெட்ட காற்றுதான் காரணம் என்று நம்பினார்கள். நுண்ணுயிர்களால் பொருட்கள் அழுகுகின்றன என்ற லூயி பாஸ்டரின் ஆய்வைப் படித்த லிஸ்டர், புண்ணிலும் அதுதான் நடக்கிறதோ என்று யோசித்தார். கார்லைல் நகரில் சாக்கடை நாற்றத்தைப் போக்கக் கார்பாலிக் அமிலம் ஊற்றுவதும் அவர் காதுக்கு எட்டியது.

1865 ஆகஸ்ட் 12. வண்டிச் சக்கரம் ஏறி இடது கால் முறிந்த 11 வயதுச் சிறுவனைக் கொண்டுவந்தார்கள். உங்களில் பலருடைய வயதுதான்! எலும்பு முறிந்து தோலும் கிழிந்திருந்தால், உயிரைக் காப்பாற்றக் காலையே வெட்டி எடுப்பதுதான் அன்றைய வழக்கம். லிஸ்டர் வெட்டவில்லை. அமிலத்தில் நனைத்த துணியால் புண்ணை மூடிக் கட்டினார். நான்கு நாள் கழித்துக் கட்டைப் பிரித்தார். சீழே இல்லை! ஆனால் அமிலம் பட்ட தோல் புண்ணாகியிருந்தது. உடனே அமிலத்தின் வீரியத்தைக் குறைத்தார். ஆலிவ் எண்ணெயிலும் கலந்து பார்த்தார். ஆறு வாரத்தில் எலும்பு கூடிவிட்டது.

அவருடைய பிரிவில் முன்பு, கை, கால் அகற்றப்பட்ட 35 பேரில் 16 பேர் இறந்தனர். புதிய முறை வந்தபின் 40 பேரில் 6 பேர்தான்.

1871-இல் அறைக் காற்றிலும் அமிலத்தைத் தெளிக்கத் தொடங்கினார். மருத்துவர்களின் கைகள் வெந்து வெடித்தன, இருமல் வந்தது. தெளிப்பது தேவையில்லை என்று உணர்ந்ததும், 1890-இல் பலர் முன்னிலையில் தம் தவறை ஒப்புக்கொண்டார். எத்தனை பெரியவர்களுக்கு அந்த மனசு வரும்?

இன்று பீனால் பிளாஸ்டிக், பிளைவுட் பசை எனப் பலவற்றுக்கும் பயன்படுகிறது. அந்த ஆலைக் கழிவு சுத்திகரிக்கப்படாமல் ஆற்றில் கலந்தால் மீன்கள் செத்து மிதக்கும். ஒரு லிட்டர் குடிநீரில் பீனால் வகைப் பொருட்கள் 0.001 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம்.

1897-இல் பிரபு பட்டம் பெற்ற லிஸ்டர், 1912 பிப்ரவரி 10-ஆம் தேதி காலமானார். கடைகளில் 'லிஸ்டரின்' என்று வாய் கொப்பளிக்கும் மருந்து பார்த்திருப்பீர்களே? அது அவர் தயாரித்ததல்ல. அவர் பெயரை வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்!