பட்டறைத் தொழிலாளி படைத்த நாவல்கள்
ஈழத்து எழுத்தாளர் கே. டானியல்

கல்வி என்பது பள்ளியும் கல்லூரியும் வழங்கும் சான்றிதழோடு முடிந்துவிடுவது என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். இளமையில் படிப்பு நின்றுபோனதால், இனி எழுத்துக்கும் நமக்கும் உறவில்லை என்று ஒதுங்கிவிட்டவர்கள் நம் ராயகிரி வட்டாரத்தில் எத்தனையோ பேர் உண்டு. வறுமையால் பள்ளியை விட்டவர் உழைத்துக்கொண்டே எழுதக் கற்று, ஓர் இனத்தின் வரலாற்றையே நாவலாக்க முடியும் என்பதற்குச் சான்றாக விளங்கியவர் ஈழத்து எழுத்தாளர் கே. டானியல். நம் வெள்ளிவிழா மலரில் அவர் வாழ்க்கை இடம்பெறுவது மிகவும் பொருத்தமாகும்.

யாழ்ப்பாணத்தை அடுத்த ஆனைக்கோட்டையில், 1920களில், சலவைத் தொழில் செய்யும் ஏழைக் குடும்பத்தில் டானியல் பிறந்தார். வண்ணார், அம்பட்டர், பள்ளர், நளவர், பறையர் என்னும் ஐந்து பிரிவினரையும் பஞ்சமர் என்று ஒதுக்கி வைத்திருந்த சமூகம் அது. கோயிலுக்குள் நுழைய உரிமையில்லை. தேநீர்க் கடையில் அமர உரிமையில்லை. பொதுக் கிணற்றில் நீர் மொள்ளவும் உரிமையில்லை. பள்ளியில் எல்லாப் பிள்ளைகளையும் சமமாக அமர்த்த வேண்டும் என்ற ஆணை 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடைமுறைக்கு வந்தபோது, அதைப் பொறாதவர்கள் பள்ளிக்கூடங்களுக்கே தீ வைத்தனர். அத்தகைய சூழலில் ஏழைச் சிறுவன் ஒருவனுக்குப் படிப்பு எவ்வளவு கிட்டியிருக்கும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. டானியலின் பள்ளிப்படிப்பு தொடக்க வகுப்புகளோடு நின்றது. பிழைப்புக்காகப் பல வேலைகள் பார்த்த அவர், பின்னர் யாழ்ப்பாண நகரில் ஒரு பட்டறையை நடத்தி வாழ்ந்தார்.

ஆயினும் அவர் கல்வி நின்றுவிடவில்லை. பொதுவுடைமை இயக்கம் அவருக்கு இரண்டாம் பள்ளியாயிற்று. அங்கே அவர் படிக்கவும் விவாதிக்கவும் கற்றார். 1954இல் தோன்றிய இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் அவருக்கு எழுத்துத் தோழர்களைத் தந்தது. அவர்களுள் ஒருவர் டொமினிக் ஜீவா. முடிதிருத்தும் தொழில் செய்தவர். அவருடைய ‘தண்ணீரும் கண்ணீரும்’ என்னும் சிறுகதைத் தொகுதிக்கு இலங்கை சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. கத்தரி பிடித்த கையும் பட்டறையில் உழைத்த கையும் பேனா பிடித்தபோது ஈழத்து இலக்கியத்தின் முகமே மாறியது.

எழுத்துத் தொழிலை டானியல் சிறுகதையிலிருந்து தொடங்கினார். கண்டதையும் கேட்டதையும் சிறு அளவில் எழுதிப் பழகினார். ‘டானியல் கதைகள்’ என்னும் தொகுதி 1963இல் வெளிவந்தது. அதே காலத்தில் மொழியைப் பற்றிய பெரும் வழக்கு ஒன்று ஈழத்தில் எழுந்தது. இழிசனர் பேச்சை ஏட்டில் ஏற்றித் தமிழைக் கெடுக்கின்றனர் என்று மரபுப் பண்டிதர்கள் முற்போக்கு எழுத்தாளர்களைச் சாடினர். பேராசிரியர்கள் கைலாசபதி, சிவத்தம்பி முதலியோர் அதற்கு மறுமொழி கூறினர். மக்களின் பேச்சு எழுத்தில் ஏறலாமா என்ற கேள்வியின் அடியில், அம்மக்களே இலக்கியத்துள் நுழையலாமா என்ற கேள்வி கிடந்தது. டானியல் அதற்குத் தம் படைப்பால் விடையளித்தார். ஆசிரியர் கூற்றை எழுத்து நடையிலும், மாந்தர் உரையாடலை யாழ்ப்பாணத்து உழைப்பாளர் பேச்சிலும் அமைத்தார். தம் தாயும் தந்தையும் பேசிய மொழிக்கு அவர் நாணவில்லை.

எழுதுவதற்கு ஓய்வு கிட்டிய வாழ்க்கையன்று அவருடையது. 1966இல் யாழ்ப்பாணத்தில் தீண்டாமைக்கு எதிரான போராட்டம் வெடித்தது. 1967இல் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் அமைந்தது. தேநீர்க் கடைகளுக்குள்ளும் கோயில்களுக்குள்ளும் நுழையும் போராட்டங்கள் நடந்தன. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் நடந்த போராட்டம் நாடெங்கும் பேசப்பட்டது. டானியல் இவ்வியக்கத்தின் முன்னணிச் செயல்வீரராக நின்றார். 1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடுத்து அரசு பலரைக் கைது செய்தபோது அவரும் சிறை சென்றார்.

இப்போராட்டங்களில் அவர் கண்ட வாழ்வு சிறுகதைக்குள் அடங்கவில்லை. பல ஊர்களையும் பல தலைமுறைகளையும் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. நாவல் என்னும் பெரிய வடிவம் அவருக்குத் தேவைப்பட்டது இதனாலேயே. ‘பஞ்சமர்’ நாவல் 1972இல் வெளிவந்தபோது அவர் நாற்பது வயதைக் கடந்திருந்தார். அதன் பெயரே அதன் நாயகரைக் கூறிவிடுகிறது. தனி ஒரு வீரனின் கதையாக அவர் அதை எழுதவில்லை. ஒரு மக்கள் திரளையே கதையின் நடுவில் நிறுத்தினார். இழிவாக வழங்கிய சொல்லை நூலின் நெற்றியில் பொறித்து, படித்தோரைத் தலைகுனிய வைத்தார்.

அவர் எழுத்தில் கருத்து முன்னே நிற்க, மாந்தர் பின்னே நிற்கின்றனர் என்று குறை கூறியோர் உண்டு. அக்குறையில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆயினும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. ‘கோவிந்தன்’, ‘அடிமைகள்’, ‘கானல்’ என்று 1980களில் நாவல்கள் தொடர்ந்தன. மதம் மாறினால் சாதி நீங்கும் என்ற நம்பிக்கை கானல் நீராய்ப் போனதை ‘கானல்’ காட்டுகிறது. வற்றாத ஆறு ஓடாத யாழ்ப்பாணத்தில் கிணற்றங்கரையில் குடத்தோடு காத்து நின்ற மக்களின் துயரை ‘தண்ணீர்’ கூறுகிறது. மலையடிவாரத்தில் அருவியும் குளமும் கண்டு வாழும் நமக்கும் அத்துயர் புரியும். நீர் நிறைந்த ஊரிலும் துறை வேறு, கிணறு வேறு என்றிருந்ததை நம் மூத்தோர் அறிவர்.

நோயுற்ற டானியல் சிகிச்சைக்காகத் தமிழகம் வந்தார். 1986 மார்ச்சில் தஞ்சாவூரில் காலமாகி, அந்த மண்ணிலேயே அடக்கம் செய்யப்பெற்றார். ‘தண்ணீர்’ அவர் மறைவுக்குப் பின் 1987இல் அச்சேறியது. தமிழகத்தில் தலித் இலக்கியம் என்னும் பெயர் பரவலாக வழங்குவதற்கு முன்பே அவ்விலக்கியத்தைப் படைத்துவிட்ட முன்னோடி என்று இன்று அவரைப் போற்றுகின்றனர்.

இவ்வாழ்க்கையிலிருந்து நம் இளைஞர்கள் பெற வேண்டிய பாடம் என்ன? எழுத்து பிறவி வரமன்று; பட்டறைத் தொழிலைப் போலப் பழகிக் கற்க வேண்டிய தொழில். அதற்கு வயதும் தடையன்று. முதலில் சிறியது எழுதுக. எழுதியதை நண்பர் கூடிய இடத்தில் படித்துக் காட்டுக. குறை சொன்னால் கோபம் கொள்ளாமல் திருத்துக. பாட்டியும் பாட்டனும் பேசும் சொல்லை ஒதுக்காமல் போற்றுக.

நம் ஊரில் எந்தத் தெருவில் செருப்பைக் கையில் எடுத்து நடந்தோம், எந்தக் கடையில் எந்தக் குவளையில் குடித்தோம், கூலி கேட்டபோது என்ன நடந்தது, முதற்பிள்ளை பள்ளி சென்ற நாளில் வீடு எப்படி இருந்தது என்பனவெல்லாம் இன்னும் முதியோர் நினைவில் மட்டுமே இருக்கின்றன. அவர்களோ ஒவ்வொருவராக மறைகின்றனர். நாம் எழுதாவிட்டால் அவ்வரலாறு அவர்களோடு புதையும். அல்லது நம்மை அறியாதார் கையால் பிழைபட எழுதப்படும். இருபத்தைந்து ஆண்டுகளாகப் பிள்ளைகளைப் படிக்க வைத்த நாம், இனி வரும் ஆண்டுகளில் அவர்களை எழுதவும் வைப்போமாக.