வட்டத்தைத் துறந்த வானியலார்

வானியல் அறிஞருள் என் நெஞ்சை மிகவும் கவர்ந்தவர் ஜொஹான்னஸ் கெப்ளர். 1571-இல் ஜெர்மனியில் பிறந்தார். இளமையில் கண்ட பெரியம்மை அவர் பார்வையைக் குறைத்தது. வானை அறியக் கணிதமே அவருக்குக் கைகொடுத்தது.

கோள்கள் வட்டமாகவே சுழலும் என்பது கிரேக்கர் காலந்தொட்டு வந்த நம்பிக்கை. கதிரவனை நடுவில் வைத்த கோப்பர்னிக்கஸும் வட்டத்தை விடவில்லை. 1600-இல் பிராக் நகரில் டைக்கோ பிராகியிடம் சேர்ந்தார் கெப்ளர். மறு ஆண்டே டைக்கோ மறைந்தார். அவர் தொலைநோக்கியின்றி அளந்து வைத்த குறிப்புகளைக் கொண்டு, செவ்வாயின் பாதையைக் கெப்ளர் ஆண்டுக்கணக்கில் கணக்கிட்டார். வட்டப்பாதைக் கணக்கு 8 கலை விலகியது. ஒரு பாகைக்கு 60 கலை. 8 கலை என்பது முழுநிலவின் அகலத்தில் ஏறத்தாழக் கால் பங்குதான்! அளவில் பிழை என்று ஒதுக்கியிருக்கலாம். அவரோ அளவை ஏற்று, ஈராயிரம் ஆண்டு நம்பிக்கையைத் துறந்தார். செவ்வாயின் பாதை நீள்வட்டம் என்று 1609-இல் நூல் வெளியிட்டார்.

சூனியக்காரி என்று சிறையிடப்பட்ட தம் தாய்க்காகவும் அவர் போராடினார். 1621-இல் தாய் விடுதலை பெற்றார். 1630-இல் கெப்ளர் மறைந்தார்.

ஆய்வுக்கூடத்தில் எதிர்பார்த்த விடை வராதபோது, அளவைத் திருத்தத் துடிக்கும் மனத்தை அடக்க எனக்கு அந்த 8 கலையே போதும்.