பாட்டுக்குச் சொந்தக்காரர் யார்?

மாயாபந்தரிலே தமிழ் மாணவர் கூடி விழா எடுத்தால், முதல் பாட்டு பெரும்பாலும் பாரதியாருடையதாகவே இருக்கும். பாடுகிற மாணவனை யாரும் அனுமதிச் சீட்டு கேட்பதில்லை; கட்டணம் கேட்பாருமில்லை. இது இயல்பாக வந்த நிலைமை என்றே நம்மிற் பலர் எண்ணியிருக்கிறோம். அன்று, ஒரு காலத்தில் பாரதியின் பாட்டைத் திரையிலே ஒலிக்கச் செய்ததற்காக ஒருவர்மேல் ஒருவர் வழக்காடினர். அந்த வரலாற்றை அறியாமல் பாரதியின் வாழ்வை முழுமையாக அறிந்ததாகச் சொல்ல முடியாது. அவர் வாழ்வின் பிற்பகுதி, அவர் இறந்த பிறகுதான் நடந்தது.

சுப்பிரமணிய பாரதியார் 1882 டிசம்பர் 11-ஆம் நாள் எட்டயபுரத்தில் பிறந்தார். இளமையிலேயே புலவர் அவையில் பாரதி என்னும் பட்டம் பெற்றதும், 1904-இல் சுதேசமித்திரனில் சேர்ந்ததும், பின் ‘இந்தியா’ வார இதழை நடத்தியதும், 1908-இல் கைதுக்குத் தப்பிப் புதுவை சேர்ந்ததும் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்திகள். நாம் இங்கே நோக்க வேண்டியது வேறொன்று: தம் எழுத்தின் பயன் தமக்கு எவ்வாறு வரவேண்டும் என்று அவர் என்ன எண்ணினார்?

1907-இல் வி. கிருஷ்ணசாமி ஐயர் பாரதியின் தேசியப் பாட்டுகள் சிலவற்றைத் தம் செலவில் 15,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கினார். அரசியலில் இருவரும் எதிர்க் கட்சி! ஐயர் மிதவாதி, பாரதியோ திலகரின் தொண்டர். பாட்டு அந்த வேலியைத் தாண்டிவிட்டது. புதுவையிலிருந்த காலத்தில் பரலி சு. நெல்லையப்பர் கண்ணன் பாட்டு முதலிய சிறு நூல்களைச் சென்னையில் வெளியிட்டார். நூல்கள் வெளிவந்தன, கவிஞர் வீட்டு அடுப்புக்கு அவற்றால் பெரிதும் ஒன்றும் வரவில்லை.

1918-இல் புதுவையை விட்டு வெளியேறிக் கடலூரில் கைதாகி, விடுதலைக்குப் பின் மனைவியின் ஊராகிய கடையம் சேர்ந்தார். அங்கிருந்து 1920-இல் ஒரு திட்டம் வகுத்தார். தம் எழுத்துகள் அனைத்தையும் நாற்பது நூல்களாக்குவது; ஒவ்வொன்றிலும் பதினாயிரம் பிரதி அச்சிடுவது; ஆக நான்கு லட்சம் பிரதிகள். முதலுக்கு நண்பர்கள் ஆளுக்கு நூறு ரூபாயேனும் கடன் தரவேண்டும். முத்திரைத்தலை ஒட்டிய கடன் பத்திரமும் மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டியும் தரப்படும். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல வீடுதோறும் தம் நூல்கள் விலையாகும் என்று அவர் நம்பினார். பாரதி கணக்கறியாத கவி என்று சிலர் எழுதுகிறார்கள். இந்தத் திட்டத்தைப் படித்தவர் அவ்வாறு சொல்லார். கணக்கு சரியாகவே இருந்தது. கடன் கொடுக்கத்தான் ஆளில்லை. 1921 செப்டம்பரில், நாற்பதாம் வயது நிறைவதற்குள், திருவல்லிக்கேணியில் அவர் மறைந்தார்.

இனி உரிமையின் கதை. அக்காலத்து 1914-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆசிரியரின் ஆயுளுக்குப் பின்னும் ஐம்பது ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கும். அது வாரிசுக்கு உரியது. நிலம் போல விற்கலாம், அடகு வைக்கலாம். சட்டம் காப்பது கருத்தையன்று, அதற்குக் கொடுத்த உருவத்தையே. பாஞ்சாலியின் கதை மகாபாரதத்திலே எல்லாருக்கும் பொது. பாரதி கட்டிய பாஞ்சாலி சபதமோ அவருடைய சொத்து. பங்கிம் சந்திரர் பாட்டைத் தமிழாக்கினாரே, அந்தத் தமிழுக்கும் தனி உரிமை உண்டு.

அச்சொத்து கைம்பெண்ணாகிய செல்லம்மாளிடம் வந்தது. பாரதி ஆசிரமம் என்ற பெயரில் சில நூல்களை அவர் வெளியிட்டார். பிறகு பாரதியின் தம்பி சி. விசுவநாதன் முதலியோர் நடத்திய பாரதி பிரசுராலயம் அப்பணியை ஏற்றது. 1928-இல் சென்னை அரசாங்கம் நூல்களைப் பறிமுதல் செய்தபோது, சட்டசபையில் சத்தியமூர்த்தி முழங்கினார். குடும்பத்தின் தேவைகளோ முழக்கத்தால் தீர்வன அல்ல. 1931-இல் உரிமை ரூ. 4,000-க்குக் கைமாறியது. இசைத்தட்டு முதலியவற்றுக்கான ஒலி உரிமை தனியே பிரிந்து ஒரு குஜராத்தி வணிகரை அடைந்து, அவரிடமிருந்து ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் சென்றது.

மெய்யப்பர் அதை முடக்கி வைத்தவரல்லர். 1947-இல் வந்த ‘நாம் இருவர்’ படத்தில் டி. கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாட்டுகள் தமிழ்நாடெங்கும் பரவின. ஆயினும் டி. கே. எஸ். சகோதரர்கள் தங்கள் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாட்டொன்றைச் சேர்த்தபோது மெய்யப்பர் வழக்குத் தொடுத்தார். சட்டம் அவர் பக்கமே இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். விலை கொடுத்து வாங்கியவர் தம் உரிமையைக் கேட்டது குற்றமாகாது. ஆனால் நாட்டின் விடுதலைக்குப் பாடிய பாட்டு, நாடு விடுதலை பெற்ற பின்னும் ஒரு தனியார் பெட்டகத்தில் கிடப்பதா என்ற கேள்வி எழுந்துவிட்டது.

எழுத்தாளர்கள் பாரதி விடுதலைக் கழகம் கண்டனர். நாரண துரைக்கண்ணன், டி. கே. சண்முகம், திருலோக சீதாராம் போன்றோர் திருநெல்வேலிக்குச் சென்று செல்லம்மாளின் இசைவைப் பெற்றனர். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் அமைச்சரவை 1949-இல் பாரதியின் எழுத்துகளை அரசுடைமையாக்க முன்வந்தது. விசுவநாதனுக்கு ரூ. 15,000, செல்லம்மாளுக்கும், மகள்கள் தங்கம்மாள், சகுந்தலா இருவருக்கும் ஆளுக்கு ரூ. 5,000. மெய்யப்பர் தம் ஒலி உரிமையைப் பணம் பெறாமலே விட்டுக்கொடுத்தார், வழக்காடியவரே வள்ளலானார்!

விசுவநாதன் பெற்றதில் மூன்றிலொரு பங்குதான் செல்லம்மாளுக்கு. உரிமையை முன்னமே விற்றுவிட்டவருக்குச் சட்டப்படி ஒரு காசும் சேராது. இது அரசாங்கத்தின் நன்றிக்காணிக்கை என்று வாதிப்பார் உண்டு. கையெழுத்துப் பிரதிகளைக் கட்டிக் காத்தவர் அவர் என்று நினைக்கையில், அந்த வாதம் எனக்கு நிறைவு தரவில்லை.

அரசாங்கம் சில ஆண்டுகள் உரிமையைத் தன் கையில் வைத்திருந்தது. 1950-களின் நடுவில் யாரும் அச்சிடலாம் என்று திறந்துவிட்டது. மலிவுப் பதிப்புகள் பெருகின. சட்டப்படி காத்திருந்தால் 1971 வரை காத்திருக்க நேர்ந்திருக்கும். அதன் பின்னர் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் எழுத்தாளரின் நூல்களைத் தமிழக அரசு, குடும்பத்தாருக்குத் தொகை அளித்து நாட்டுடைமையாக்கியுள்ளது. இன்றைய இந்தியச் சட்டமாகிய 1957-ஆம் ஆண்டுச் சட்டம், ஐம்பதாண்டை 1992-இல் அறுபதாக நீட்டியிருக்கிறது.

மேடையேறும் நண்பர்களுக்கு ஒரு சொல். பாரதியின் பாட்டைப் பாடலாம், அச்சிடலாம், நாடகமாக்கலாம், கேட்பாரில்லை. ஆனால் இக்காலத்து இசையமைப்பாளர் ஒருவர் அதற்கு அமைத்த புதிய மெட்டு அவருடையது. அந்த ஒலிப்பதிவு வெளியிட்டவருடையது. பதிப்பாசிரியர் எழுதிச் சேர்த்த முன்னுரையும் குறிப்பும் அவருக்கே உரியவை. அவற்றை எடுத்தாள்வதற்கு முன் உரியவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.