விருதுநகரில் 1,285 வாக்குகள்
காமராசரின் வாழ்க்கை: அவர் நின்ற தொகுதிகளின் வழியே

இந்தியாவின் இரண்டு பிரதமர்களைத் தெரிவு செய்வதில் முன்னின்ற ஒரு மனிதர், 1967 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், தாம் பிறந்த ஊரில் சட்டசபை உறுப்பினராகத் தெரிவு செய்யப்படாமற் போனார். விருதுநகர்த் தொகுதியில் திராவிட முன்னேற்றக் கழக வேட்பாளர் பெ. சீனிவாசன் பெற்ற வாக்குகள் 33,421. அகில இந்திய காங்கிரஸ் தலைவர் கு. காமராசர் பெற்றவை 32,136. வித்தியாசம் 1,285. வென்றவர் 1965 ஆம் ஆண்டின் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் அறியப்பட்ட மாணவர் தலைவர். தமிழக அரசியல் வரலாற்றில் இந்த ஒரு தொகுதியின் முடிவைப் போல் இன்றுவரை பேசப்படும் முடிவு வேறொன்று இல்லை எனலாம்.

பெருந்தலைவர்களின் வாழ்க்கையைச் சிறைவாசங்களாலும் பதவிகளாலும் அளந்து எழுதுவதே நமது வழக்கம். காமராசரின் வாழ்க்கையை அவர் நின்ற தொகுதிகளைக் கொண்டும் அளக்கலாம். சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர், குடியாத்தம், மீண்டும் சாத்தூர், விருதுநகர், நாகர்கோவில் என அப்பாதை நீள்கிறது.

அவர் 1903 ஆம் ஆண்டு ஜூலை 15 ஆம் திகதி, அன்று விருதுபட்டி என வழங்கிய ஊரில், குமாரசாமி நாடாருக்கும் சிவகாமி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தை காலமானார். பள்ளிப்படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. மாமனின் துணிக்கடையில் வேலைக்கு அமர்த்தப்பட்ட சிறுவனின் மனம் அளவுகோலில் நிற்கவில்லை. கூட்டங்களையும் பத்திரிகைகளையுமே நாடியது. 1930 இல் இராஜாஜி தலைமையில் நடைபெற்ற வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது முதன்முறையாகச் சிறை சென்றார். அலிப்பூர்ச் சிறையிலிருந்து, காந்தி – இர்வின் ஒப்பந்தத்தை அடுத்து 1931 இல் விடுதலையானார். பிற்காலச் சிறைவாசங்களையும் கூட்டினால் எட்டு ஆண்டுகளுக்கு மேல் அவர் கம்பிகளுக்குப் பின்னால் வாழ்ந்தவர். திருமணம் செய்துகொள்ளவில்லை.

1937 ஆம் ஆண்டு சென்னை மாகாண சட்டசபைக்குச் சாத்தூரிலிருந்து போட்டியின்றித் தெரிவானார். அன்று இந்தியாவில் வாக்குரிமை எல்லோருக்கும் உரியதன்று. சொத்தும் வரியும் கல்வியும் அதனைத் தீர்மானித்தன. நமது தீவில் 1931 இலேயே சர்வசன வாக்குரிமை வந்துவிட்டது என்பதை இங்கு நினைவிற் கொள்ளுதல் நன்று. தமிழ்நாட்டின் கூலித் தொழிலாளி முதன்முறையாக வாக்களிக்க 1952 வரை காத்திருந்தார். இலங்கை மலையகத்தின் கூலித் தொழிலாளியோ முன்னர் பெற்றிருந்த வாக்கை 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தாலும், அதனைத் தொடர்ந்த தேர்தற் சட்டத் திருத்தத்தாலும் இழந்தார். ஒரே மொழி பேசும் இரு கூட்டத்தார், கடலின் இரு கரைகளில், எதிரெதிர்த் திசைகளில் நடந்த காலம் அது.

1940 இல் காமராசர் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியின் தலைவரானார். அவருக்கு அரசியல் கற்பித்த சத்தியமூர்த்தி, தம் சீடருக்குக் கீழ் செயலாளராகப் பணியாற்ற முன்வந்தார். அடுத்த ஆண்டு, சிறையில் இருந்தபடியே விருதுநகர் நகரசபைத் தலைவராகத் தெரிவு செய்யப்பட்டார். விடுதலையான பின்னர் சபைக்குச் சென்று அப்பதவியைத் துறந்தார். முழுமையாகக் கவனிக்க இயலாத பதவியை வைத்திருத்தல் தகாது என்பது அவரது கருத்து. பிறந்த ஊர் அவருக்குத் தந்த முதற் பதவி அது. அதே ஊர் கால் நூற்றாண்டு கழித்துத் தந்த தீர்ப்பை மேலே கண்டோம்.

1952 ஆம் ஆண்டின் முதற் பொதுத் தேர்தலில் சென்னை மாநிலத்தில் 375 ஆசனங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152 மட்டுமே. காமராசர் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பாராளுமன்றம் சென்றார். இராஜாஜி தேர்தலில் நிற்காமலே மேற்சபை நியமனம் பெற்று முதலமைச்சரானார். இரண்டு ஆண்டுகளில், குலக்கல்வித் திட்டம் என எதிர்ப்பாளர் பெயரிட்ட கல்வித் திட்டத்தால் எழுந்த கொந்தளிப்பில் அவர் பதவி விலக நேர்ந்தது. 1954 ஏப்ரல் 13 ஆம் திகதி காமராசர் முதலமைச்சரானார். தம்மை எதிர்த்துத் தலைமைக்குப் போட்டியிட்ட சி. சுப்பிரமணியத்தையே அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார்.

முதலமைச்சர் அவையில் உறுப்பினராக வேண்டும். மேற்சபை வழி திறந்தே இருந்தது. முன்னவர் நடந்த வழியும் அதுவே. காமராசர் மக்களிடம் செல்லும் வழியைத் தேர்ந்தார். தம் சொந்த மாவட்டத்திலன்றி, வட ஆர்க்காட்டின் குடியாத்தத்தில் இடைத்தேர்தலுக்கு நின்றார். காங்கிரசின் பரம எதிரியான பெரியார் அவரை ஆதரித்தார். அண்ணாவின் கழகமும் அவர் பக்கம் நின்றது. பொதுவுடைமைக் கட்சியின் வேட்பாளரைப் பெரும் வித்தியாசத்தில் வென்றார்.

தொடர்ந்த ஒன்பது ஆண்டுகளின் கதை பலரும் அறிந்தது. பள்ளி இல்லாத ஊர்களுக்குப் பள்ளி சென்றது. பசியோடு வரும் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்பதை, ஆறாம் வகுப்போடு நின்றவருக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 1956 இல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடக்கி வைத்தார். வைகை, சாத்தனூர், மணிமுத்தாறு, அமராவதி அணைகளும், கிண்டித் தொழிற்பேட்டையும், நெய்வேலியின் நிலக்கரிச் சுரங்கமும் அக்காலத்தின் அடையாளங்கள். 1957 இலும் 1962 இலும் அவர் சாத்தூரில் வென்றார். அவரது கட்சி முறையே 151, 139 ஆசனங்களைப் பெற்றது.

1962 ஆம் ஆண்டின் ஒரு தொகுதி முடிவைத் தனியே குறிப்பிட வேண்டும். காஞ்சிபுரத்தில் அண்ணா தோற்றார். 1957 இல் சட்டசபைக்கு வந்த கழகத்தின் பதினைந்து பேரையும் மீண்டும் வரவிடாமல் தடுப்பது காங்கிரசின் திட்டமாயிருந்தது. ஒவ்வொரு தொகுதிக்கும் தகுந்த வேட்பாளரைத் தேடி நிறுத்தினார்கள். அப்பதினைவரில் மு. கருணாநிதி ஒருவரே, தொகுதி மாறித் தஞ்சாவூரில் நின்று, தப்பினார். ஆனால் கழகம் 50 ஆசனங்களோடு வந்தது. தலைவர்களை வீழ்த்தினால் கட்சி வீழும் என்ற கணக்கு அன்றே பிழைத்துவிட்டது. அக்கணக்கின் மறுபக்கம் ஐந்து ஆண்டுகளில் காமராசரின் வாசலுக்கே வந்தது.

1963 அக்டோபர் 2 ஆம் திகதி, தம் பெயரால் வழங்கிய திட்டத்தின்படி, அவர் முதலமைச்சர் பதவியைத் துறந்து கட்சிப் பணிக்குச் சென்றார். அவரோடு சேர்த்து ஆறு முதலமைச்சர்களும் ஆறு மத்திய அமைச்சர்களும் விலகினர். 1964 மே மாதம் நேரு மறைந்தபோது சாஸ்திரியையும், 1966 ஜனவரியில் சாஸ்திரி மறைந்தபோது இந்திரா காந்தியையும் பிரதமராக்குவதில் கட்சித் தலைவர் என்ற முறையில் முன்னின்றார். தாம் அப்பதவியை நாடவில்லை.

நம்மவர்க்கு நெருடலான ஒரு செய்தியும் இக்காலத்திலேயே வருகிறது. 1964 அக்டோபர் 30 ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் மலையக மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. 1,50,000 பேரின் விதி பின்னர் பேசுவதற்கென ஒத்திவைக்கப்பட்டது. பங்கிடப்பட்டவர்களிடம் எவரும் கேட்கவில்லை. அப்போது இந்தியாவின் ஆளும் கட்சிக்குத் தலைவர் காமராசர். ஏழையின் பசியை அறிந்த அவரது கட்சியின் ஆட்சியிலேயே அது நடந்தது. எந்தத் தொகுதியிலும் வாக்கு இல்லாத மக்களுக்காக எந்த வேட்பாளரும் விடை கூற வேண்டியிருக்கவில்லை. அவரைப் போற்றி எழுதுவோர் இதனையும் சேர்த்தே எழுதுதல் வேண்டும்.

இனி 1967 க்கு வருவோம். அரிசித் தட்டுப்பாடும் விலையேற்றமும் வீட்டுக்கு வீடு பேசப்பட்டன. 1965 இன் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தை அரசு அடக்கிய விதம் மாணவர் மனதில் ஆறாத புண்ணாய் இருந்தது. இருபது ஆண்டு ஆட்சியின் சலிப்பும் சேர்ந்தது. எனினும் எண்களை உற்று நோக்கினால் வேறொரு காரணமும் தெரியும். 1962 இல் காங்கிரசுக்கு ஏறத்தாழ 46 வீத வாக்குகள். 1967 இல் 41 வீதத்துக்குச் சற்று மேல். இழந்தது ஐந்து வீதமே. ஆசனங்களோ 139 இலிருந்து 51 ஆகச் சரிந்தன. காங்கிரசைவிடச் சற்றுக் குறைந்த வாக்கு வீதம் பெற்ற தி.மு.க. மொத்தம் 234 இல் 137 ஆசனங்களை வென்றது.

இவ்விந்தைக்கு விடை தொகுதி முறையில் உள்ளது. முன்னர் எதிர்க்கட்சிகள் ஒவ்வொரு தொகுதியிலும் தனித்தனியே நின்று வாக்குகளைச் சிதறவிட்டன. 1967 இல் அண்ணா, இராஜாஜியின் சுதந்திராக் கட்சியையும் மார்க்சிஸ்டுகளையும் முஸ்லிம் லீக்கையும் இன்னும் சிலரையும் ஓரணியிற் சேர்த்துத் தொகுதிகளைப் பங்கிட்டார். எதிர்ப்பு வாக்கு பெரும்பாலும் ஒரே பெட்டியில் விழுந்தது. முதலமைச்சர் பக்தவத்சலம் ஸ்ரீபெரும்புதூரில் தோற்றார். துப்பாக்கிச் சூட்டில் காயமுற்று மருத்துவமனையிற் படுத்திருந்த எம்.ஜி.ஆர். பரங்கிமலையில் வென்றார். விருதுநகரில் நடந்ததும் அதே அலையின் ஒரு பகுதியே.

வென்ற அண்ணா, காமராசரின் தோல்வியைக் கொண்டாட விரும்பவில்லை என்பர். தோற்றவரும் தீர்ப்பைப் பதற்றமின்றி ஏற்றுக்கொண்டார். ஊரார் மீது பழி சுமத்தவில்லை. சீனிவாசன் பின்னாளில் சட்டசபையின் துணைச் சபாநாயகரானார்.

இத்தகைய தோல்விகள் நமக்கும் புதியன அல்ல. தந்தை செல்வா 1952 இல் காங்கேசன்துறையில் தோற்று, 1956 இல் அதே தொகுதியில் வென்றவர். 1970 இல் அமிர்தலிங்கம் வட்டுக்கோட்டையில் தோற்றார். நாம் வந்து குடியேறிய கனடாவிலும் பிரதமர் மக்கென்சி கிங் 1925 இல் ரொறன்ரோவுக்கு வடக்கே உள்ள யோர்க் நோர்த் தொகுதியில் தோற்றார். 1945 இல் பிறின்ஸ் அல்பேர்ட் தொகுதியில் 129 வாக்குகளால் மீண்டும் தோற்று, இடைத்தேர்தல் வழியே சபைக்கு வந்தார். 1993 இல் பிரதமர் கிம் காம்பெல் வன்கூவரில் தோற்றபோது, 16 வீத வாக்குப் பெற்ற அவரது கட்சிக்கு நாடு முழுவதும் கிடைத்தவை இரண்டே ஆசனங்கள். விருதுநகரின் கணக்கும் கனடாவின் கணக்கும் ஒன்றே.

காமராசருக்கும் இடைத்தேர்தலே வழி திறந்தது. நாகர்கோவில் பாராளுமன்ற உறுப்பினர் நேசமணி 1968 இல் காலமானார். 1969 ஜனவரியில் அங்கு நின்ற காமராசர் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். சாதிப் பலமும் அங்கு அவருக்குத் துணை நின்றது என்பதை மறைக்க வேண்டியதில்லை; ஆயினும் அப்பலம் ஒன்றே போதுமானால் விருதுநகரில் அவர் தோற்றிருக்க மாட்டார். அதே ஆண்டு காங்கிரஸ் பிளந்தது. தாம் பிரதமராக்கிய இந்திராவுக்கு எதிர்ப்பக்கத்தில் அவர் நின்றார். 1971 இல் அவரது கட்சி தமிழ்நாட்டில் வென்ற ஒரே பாராளுமன்ற ஆசனம் நாகர்கோவில். அவ்வாசனம் அவருடையது.

1975 ஜூன் மாதம் அவசரநிலை பிரகடனமானது. அக்டோபர் 2 ஆம் திகதி, காந்தி பிறந்த நாளில், சென்னையில் வாடகை வீடொன்றில் வாழ்ந்த அம்மனிதர் காலமானார். தமக்கென அவர் சேர்த்து வைத்த சொத்து ஏதும் இருக்கவில்லை. அடுத்த ஆண்டு அவருக்குப் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது.

நமது தலைமுறை வாக்கின் மதிப்பை வேறு விதமாகக் கற்றது. 1982 டிசெம்பரில் இலங்கையில் பொதுத் தேர்தலுக்குப் பதிலாகச் சர்வசன வாக்கெடுப்பு ஒன்று நடத்தப்பட்டு, பாராளுமன்றத்தின் ஆயுள் ஆறு ஆண்டுகளுக்கு நீட்டப்பட்டது. உறுப்பினர் எவரும் தத்தம் தொகுதிக்குச் சென்று விடை கூற வேண்டியிராமற் போயிற்று. தோற்கடிக்க முடியாத ஆட்சியாளர் என்ன செய்வர் என்பதை அடுத்த ஆண்டு ஜூலையில் கண்டோம். காமராசரை அவரது ஊர் தோற்கடித்தது சரியா தவறா என்று இன்றும் வாதிடுவோர் உண்டு. தோற்கடிக்கும் உரிமை அவ்வூருக்கு இருந்தது என்பதில் வாதமில்லை.

ஸ்காபரோவிலிருந்து கிழக்கே அஜெக்ஸ், விட்பி என நம்மவர் குடும்பங்கள் வீடு வாங்கிச் சென்றுள்ளன. அங்குள்ளோரில் சிலர் பிரஜைகளாகிவிட்டனர். சிலர் அகதி விசாரணையின் முடிவுக்கும், சிலர் பிரஜாவுரிமைக்கும் காத்திருக்கின்றனர். பிரஜையல்லாதவர்க்குப் பாராளுமன்றத் தேர்தலிலோ மாகாணத் தேர்தலிலோ நகரசபைத் தேர்தலிலோ இங்கு வாக்கு இல்லை. வாக்கு இல்லாதவரின் குரலையும் வாக்குள்ளவரே சுமக்க வேண்டும். மலையகத்தின் கதை அதையே நமக்குச் சொல்கிறது. விருதுநகரில் 643 பேர் மறுபக்கம் வாக்களித்திருப்பின் முடிவு மாறியிருக்கும். எனவே, வாக்காளர் பட்டியலில் தமது பெயர் உள்ளதா என்பதைப் பிரஜைகளானோர் அடுத்த தேர்தல் அறிவிப்புக்கு முன்னரே பார்த்து வைத்தல் வேண்டும்.